ஒரு செக், இரண்டு கோர்ட்

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறேன். கடைசியில் வந்த கேள்விகளையும் சேர்த்திருக்கிறேன்.)



"கோர்ட், கேஸ் எல்லாம் எப்படி நடக்கிறது என்று அரை மணி நேரம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டார். நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்தவன். முப்பத்தெட்டு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். அதில் பெரும்பகுதி கிளியரிங் சீட்டில் போனது. அதனால் சட்டத்தில் எனக்குத் தெரிந்த மூலை ஒன்றுதான்: திரும்பி வந்த செக். ஆனால் அந்த ஒரு மூலையில் நின்று பார்த்தால் சிவில் கோர்ட்டும் தெரியும், கிரிமினல் கோர்ட்டும் தெரியும். அப்படி ஒரு வசதியான மூலை அது.

இன்று இதைப் பேசக் காரணம் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். மொட்டை மாடித் தண்ணீர்க் கசிவு வேலையை எடுத்த காண்ட்ராக்டர் நம்மிடம் முன்பணமாக 1,80,000 ரூபாய் வாங்கினார். ஒரு பிளாக்கில் வேலை செய்தார், இன்னொன்றில் பாதி செய்தார், அப்புறம் ஆளைக் காணோம். விடாமல் துரத்தியதில், செய்த வேலைக்குக் கழித்துக்கொண்டு 1,20,000 ரூபாய்க்குச் சங்கத்தின் பெயரில் செக் கொடுத்தார். அதுவும் போதிய பணம் இல்லை என்று திரும்பிவிட்டது. நம் வாட்ஸ்அப் குழுவில் அன்றிலிருந்து இரண்டு கட்சி. "போலீஸில் புகார் கொடுத்து இரண்டு நாள் உள்ளே வைத்தால் பணம் தானாக வரும்" என்பது ஒன்று. "அந்த ஆள் வீட்டில் டயாலிசிஸ் செலவு, பாவம், விட்டுவிடலாம்" என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே சட்டம் எங்கே நிற்கிறது என்றுதான் பார்க்கப் போகிறோம்.

முதலில் அடிப்படை. சிவில் கோர்ட் கேட்கும் கேள்வி: யாருக்கு யார் என்ன கொடுக்க வேண்டும்? கிரிமினல் கோர்ட் கேட்கும் கேள்வி: இந்த மனிதர் தண்டிக்கத்தக்க குற்றம் செய்தாரா? கேள்வி வேறு, அதனால் பதிலுக்கு வேண்டிய சாட்சியத்தின் கனமும் வேறு. நம் தெருமுனையில் ஒரு வேன் ஒருவரை இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் மீது கிரிமினல் வழக்கு நடக்கும். அங்கே நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றம் நிரூபணமாக வேண்டும். அடிபட்டவர் தனியாக மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்பார். அங்கே எந்தப் பக்கம் தராசு சாய்கிறது என்று பார்த்தாலே போதும். அதனால் டிரைவர் கிரிமினல் கேஸில் விடுதலை ஆன பிறகும் நஷ்டஈடு கிடைக்கலாம். பேப்பரில் படிக்கும்போது "இதென்ன, ஒரு கோர்ட் ஒன்று சொல்கிறது, இன்னொரு கோர்ட் வேறு சொல்கிறது" என்று தோன்றும். முரண்பாடு இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்குச் சொன்ன பதில்.

ஏன் கிரிமினலில் மட்டும் அவ்வளவு கெடுபிடி? வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். லெட்ஜரில் தப்பாகப் பற்று எழுதிவிட்டால் மறுநாள் ரிவர்சல் என்ட்ரி போடலாம், வட்டியையும் சேர்த்துக் கொடுக்கலாம். ஒருவரைத் தப்பாக ஒரு வருடம் ஜெயிலில் வைத்துவிட்டால் அதற்கு ரிவர்சல் என்ட்ரி கிடையாது. ஆகவே அங்கே சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு.

சரி, செக்குக்கு வருவோம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் செக் திரும்புவது அவமானம், அவ்வளவுதான். ரிட்டர்ன் மெமோவில் காரணங்கள் வரிசையாக அச்சடித்திருக்கும். போதிய பணம் இல்லை, கையெழுத்து மாறுபடுகிறது, செக் கொடுத்தவரைக் கேட்கவும் என்று. நாங்கள் ஒரு டிக் போட்டு அனுப்புவோம். பணம் வர வேண்டியவர் சிவில் கோர்ட்டுக்குப் போய் வருடக்கணக்கில் நிற்க வேண்டும். அல்லது மோசடி என்று போலீஸில் நிரூபிக்க வேண்டும், அது அதைவிடக் கஷ்டம். வியாபாரிகள் செக்கை வாங்கவே பயந்தார்கள். அதனால்தான் 1881-ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1988-ல் ஒரு புது அத்தியாயம் சேர்த்தார்கள். 1989 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பி.காமில் அந்தப் பழைய சட்டத்தை மனப்பாடம் செய்திருந்த எனக்கு, கவுண்டரில் உட்கார்ந்த பிறகு புதிதாக ஒரு பாடம் வந்து சேர்ந்தது. 138-ஆம் பிரிவு. கடனையோ வேறு பொறுப்பையோ தீர்ப்பதற்காகக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் குற்றம். இப்போது இரண்டு வருடம் வரை ஜெயில், அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்திலிருந்து பணம் வர வேண்டியவருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செக் திரும்பிய அந்த நிமிடமே குற்றம் ஆகிவிடுவதில்லை. நடுவில் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். செக் திரும்பிய தகவல் நமக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது அவர் கைக்குப் போனதிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் பணத்தைக் கட்டிவிட்டால் குற்றமே இல்லை. கட்டவில்லை என்றால்தான் குற்றம். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

நாள் கணக்கில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள், அதனால் உதாரணத்தோடு சொல்கிறேன். மெமோ மார்ச் 10-ம் தேதி கைக்கு வந்தது என்றால் நோட்டீஸ் ஏப்ரல் 9-க்குள் போக வேண்டும். நோட்டீஸை அவர் ஏப்ரல் 12-ல் வாங்கினால் ஏப்ரல் 27 வரை அவருக்கு நேரம். 28-ல் நமக்கு வழக்குரிமை பிறக்கிறது. மே 28-க்குள் புகார் கோர்ட்டில் இருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் தாமதமானால் தகுந்த காரணம் காட்டிக் கோர்ட்டிடம் மன்னிப்புக் கேட்க வழி உண்டு. நோட்டீஸின் 30 நாளுக்கு அந்தச் சலுகை கிடையாது. கடைசி நாளில் போய் வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.

எங்கள் கிளைக்கு ஒரு ரிட்டயர்ட் டீச்சரம்மா வருவார். சொந்தக்காரர் கொடுத்த செக் திரும்பிவிட்டது. "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று அவர் இழுத்ததை நம்பி நோட்டீஸ் அனுப்பாமலே நாளைக் கடத்திவிட்டார். கெடு தாண்டிவிட்டது என்று தெரிந்து கவுண்டரிலேயே கண் கலங்கினார். அப்போது செக்கின் ஆயுள் ஆறு மாதம். இன்னும் சில வாரம் பாக்கி இருந்தது. மறுபடி கலெக்‌ஷனுக்குப் போட்டார். மறுபடி திரும்பியது. புதுக் கணக்கு தொடங்கியது. இந்த முறை நோட்டீஸ் மூன்றாம் நாளே போனது, பணமும் வந்தது. செக் ஆயுளுக்குள் இருக்கும் வரை திரும்பத் திரும்பப் போடலாம், ஒவ்வொரு முறையும் வழக்குக்கு வழி உண்டு என்பதை எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் என்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட் பின்னால் இன்னும் விரித்தே சொல்லிவிட்டது. ஆனால் 2012 ஏப்ரல் 1 முதல் செக்கின் ஆயுள் மூன்றே மாதம். ஆறு மாதம் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள்.

இந்தக் குற்றத்தில் போலீஸுக்கு இடமே இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். செக் யார் பெயரில் இருக்கிறதோ அவரே எழுத்து மூலம் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். நம் விஷயத்தில் செக் சங்கத்தின் பெயரில் இருக்கிறது. ஆகவே சங்கம்தான் புகார்தாரர். செயற்குழு தீர்மானம் போட்டு ஒருவருக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். தலைவர் தன் சொந்தப் பெயரில் நோட்டீஸ் அனுப்பினால், எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தீபாவளி.

எந்த ஊர்க் கோர்ட் என்பதிலும் ஒரு கதை உண்டு. செக் எந்த வங்கிக் கிளை மீது எழுதப்பட்டதோ அந்த ஊரில்தான் வழக்கு என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. செக் கொடுத்தவரை எங்கோ தொலைதூர ஊருக்கு இழுத்தடிக்கக் கூடாது என்ற நியாயம் அதில் இருந்தது. ஆனால் பணம் வர வேண்டியவர் மூட்டை கட்டிக்கொண்டு அலைய வேண்டியதாயிற்று. 2015-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இப்போது நாம் எந்தக் கிளையில் கணக்கு வைத்துக் கலெக்‌ஷனுக்குப் போட்டோமோ அந்தக் கிளை இருக்கும் இடத்தில் வழக்குப் போடலாம். ஒருவருக்குச் செய்யும் நியாயம் இன்னொருவருக்கு அலைச்சல் ஆகிறது பாருங்கள். தராசை நடுவில் நிறுத்துவது அவ்வளவு லேசில்லை.

இனி செக் கொடுத்தவர் பக்கம் போய் நின்று பார்ப்போம். நாளைக்கு நம் பிள்ளைகளில் ஒருவரே அந்தப் பக்கம் நிற்கலாம்.

சாதாரணமாகக் கிரிமினல் வழக்கில் எல்லாவற்றையும் புகார் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். செக் வழக்கில் அப்படி இல்லை. கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால், கடனுக்காகத்தான் அந்தச் செக் கொடுக்கப்பட்டது என்று கோர்ட் அனுமானித்துக்கொள்ளும். 139-ஆம் பிரிவு. இல்லை என்று காட்டுவது செக் கொடுத்தவர் பொறுப்பு. ஆனால் அவர் அதைச் சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் சொல்வது நம்பத் தகுந்தது என்று தராசைத் தன் பக்கம் சாய்த்தாலே போதும். ரங்கப்பா வழக்கில் 2010-ல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கியது.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், சின்ன ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். பைனான்ஸ்காரரிடம் கடன் வாங்கும்போது கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக்கைக் கொடுத்துவிட்டார். முக்கால்வாசிக் கடனைக் கட்டிய பிறகு தகராறு வந்தது. செக்கில் முழுத் தொகைக்கு மேலேயே ஓர் எண்ணை நிரப்பிப் போட்டுவிட்டார் பைனான்ஸ்காரர். "நான் தொகையை எழுதவே இல்லையே" என்பது இவருடைய வாதம். அது மட்டும் எடுபடாது. மனமறிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்குக்கும் அந்த அனுமானம் பொருந்தும் என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. இவரைக் காப்பாற்றியது பாஸ்புக். ஒவ்வொரு தவணையையும் வங்கி வழியாகவே கட்டியிருந்தார். கணக்கு அறிக்கையைக் கோர்ட்டில் வைத்ததும் கதை மாறியது. 2022-ல் வந்த இன்னொரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இதை இன்னும் பலமாக்கியது. செக் கொடுத்த பிறகு கடனில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு, அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டால், அந்தச் செக் திரும்புவது குற்றம் ஆகாது. ஆகவே கொடுக்கல் வாங்கல் எதுவானாலும் வங்கி வழியாக நடக்கட்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. வெற்றுச் செக்கை மட்டும் பெற்ற பிள்ளைக்குக்கூடக் கொடுக்காதீர்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

2018-ல் இன்னொரு திருத்தம் வந்தது. செக் கொடுத்தவர் குற்றத்தை மறுத்தால், வழக்கு முடிவதற்கு முன்பே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால நஷ்டஈடாகக் கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிடலாம். கட்டாயம் இல்லை, நீதிபதியின் முடிவு. இழுத்தடிப்பவர்களுக்கு இது கடிவாளம். அதே பிரிவில், அவர் கடைசியில் விடுதலை ஆனால் வாங்கியவர் அந்தப் பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது.

இவ்வளவு ஏற்பாடும் இருந்து, நடைமுறை எப்படி? புகார் கொடுத்த ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வருடக்கணக்கில் வாய்தா வாங்கியவர்களை எனக்குத் தெரியும். நாடு முழுக்க 30 லட்சத்துக்கு மேல் செக் வழக்குகள் தேங்கிவிட்டன என்பதால், சுப்ரீம் கோர்ட்டே தானாக முன்வந்து அதை எடுத்து, 2021-ல் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து வழிமுறைகள் சொல்ல வேண்டியதாயிற்று. கடன் வசூலைக் கிரிமினல் கோர்ட் தலையில் கட்டியதன் பலன் இது என்று எனக்குத் தோன்றுகிறது. பெயருக்குக் குற்றம், உள்ளே இருப்பது பணத் தகராறு. இரு தரப்பும் ராஜியானால் எந்தக் கட்டத்திலும் வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று சட்டமே அனுமதிப்பதும் அதனால்தான்.

இனி "உள்ளே வைத்தால் பணம் வரும்" என்ற கட்சிக்கு வருகிறேன். மோசடி என்று போலீஸில் புகார் கொடுக்கலாமே என்கிறீர்கள். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 420, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318. எண் மாறினாலும் விஷயம் மாறவில்லை. வாக்குக் கொடுத்த அந்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வேலையை எடுத்து, ஒரு பிளாக்கை முடித்து, அப்புறம் கையில் காசில்லாமல் ஓடியவர் ஒப்பந்தத்தை மீறியவர். முதலிலிருந்தே வேலை செய்யும் உத்தேசம் இல்லாமல், பொய் முகவரி கொடுத்துப் பத்து இடத்தில் முன்பணம் வாங்கியவர் மோசடிக்காரர். நம் ஆள் முதல் வகை என்றுதான் எனக்குப் படுகிறது. சிவில் தகராறைக் கிரிமினல் வழக்காக மாற்றி நெருக்கும் பழக்கம் பெருகுகிறது என்று 2006-லேயே இந்தியன் ஆயில் எதிர் நெப்க் இந்தியா வழக்கில் சுப்ரீம் கோர்ட் கண்டித்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு அது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னார்கள்: சிவிலில் வழி இருக்கிறது என்பதாலேயே உண்மையான குற்றம் குற்றமில்லாமல் போய்விடாது. ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பணம் எண்ண வைப்பது இரண்டிலும் சேராது. அதைச் செய்யச் சொல்ல நமக்கு உரிமை இல்லை, செய்யப் போலீஸுக்கும் அதிகாரம் இல்லை.

சிவில் வழி என்ன? கடன் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம், புரோநோட்டானாலும் எழுதிய நாளிலிருந்து மூன்று வருடம். அதற்குள் வழக்குப் போட வேண்டும். மூன்று வருடம் முடிவதற்குள் "பாக்கி இவ்வளவு உண்டு" என்று கடன்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். வங்கியில் நாங்கள் வருடா வருடம் கடன் ஒப்புகைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியது இதற்காகத்தான். "எதற்கு சார் சும்மா சும்மா கையெழுத்து" என்று சலித்துக்கொண்டவர்களில் சிலர் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் முன்பு ஏழரை சதவீதமாக இருந்தது. 2017-ல் மூன்று சதவீதமாகக் குறைத்தார்கள். நம் தொகைக்கு 3,600 ரூபாய். செக், புரோநோட்டு போல எழுத்து ஆதாரம் இருந்தால் சுருக்க வழக்கு என்று ஒரு வகை உண்டு. அதில் பிரதிவாதி தகுந்த காரணம் காட்டிக் கோர்ட் அனுமதி வாங்கினால்தான் எதிர்வாதமே செய்ய முடியும்.

ஆனால் சிவிலில் ஜெயிப்பது பாதி வழிதான். டிகிரி வாங்கிய பிறகு அதை நிறைவேற்ற வேண்டும். பன்னிரண்டு வருடம் வரை அதற்கு நேரம் உண்டு. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. நடக்கும்போது நடக்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்த ஜப்திதான். சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கடன்காரர் வீட்டில் எதையெல்லாம் தொடக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். குடும்பத்தாரின் அவசியமான துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, அதாவது நம்மூரில் தாலி. கைத்தொழில் செய்பவரின் கருவிகள். விவசாயியின் ஏர், மாடு, விதை தானியம். சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும். பென்ஷனும் உண்டு, நம்மில் பலர் நிம்மதியாகத் தூங்கலாம். கடனைத் திருப்பி வாங்கும் உரிமை உனக்கு உண்டு, ஆனால் அவன் மறுநாள் சோறு பொங்குவதைத் தடுக்கும் உரிமை இல்லை. 1908-ஆம் வருடத்துச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

பணம் கட்டாதவரைச் சிவில் ஜெயிலில் வைக்கவும் வழி உண்டு, மூன்று மாதம் வரை. பண டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. ஆண்களையும் சும்மா வைக்க முடியாது. இதில் 1980-ல் ஒரு பெரிய தீர்ப்பு வந்தது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பேங்க் ஆஃப் கொச்சின். ஒரு வங்கி, டிகிரி கடன்காரர்களைக் கைது செய்ய வாரண்ட் வாங்கியது. நீதிபதி கிருஷ்ணய்யர், ஒருவர் ஏழை என்பதற்காக, அதனால் கட்ட முடியவில்லை என்பதற்காக, ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது என்றார். கையில் வசதி இருந்தும், கெட்ட எண்ணத்தோடு கட்ட மறுக்கிறார் என்று காட்டினால்தான் ஜெயில். கைது செய்யச் சொன்ன கோர்ட்டுக்கே வழக்கைத் திருப்பி அனுப்பி, அவர்களின் வசதியை விசாரிக்கச் சொன்னார்கள். அப்போது வங்கி வட்டாரத்தில், "இனி யார் கடனைத் திருப்பிக் கட்டுவார்கள்" என்று முணுமுணுத்த சீனியர்கள் உண்டு. நான் வேலையில் இருந்த அத்தனை வருடத்தில் பார்த்த வரையில், இல்லாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டத்தான் செய்தார்கள். இருந்தும் கட்டாதவர்கள்தான் வக்கீலோடு வந்தார்கள். இன்னொரு சுவாரசியம்: கடன்காரரைச் சிவில் ஜெயிலில் வைத்தால் அவருடைய சாப்பாட்டுப் படியை, பணம் வர வேண்டியவரே கட்ட வேண்டும். வெளியே வந்த பிறகும் கடன் அப்படியே நிற்கும்.

இரண்டு கோர்ட்டுக்கும் பொதுவான ஒரு குறுக்கு வழி, மக்கள் நீதிமன்றம் என்னும் லோக் அதாலத். அங்கே ராஜியானால் அது சிவில் கோர்ட் டிகிரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. செக் வழக்கை மாஜிஸ்திரேட் அங்கே அனுப்பி ராஜியானால் அதையும் டிகிரி போலவே நிறைவேற்றலாம். சிவில் வழக்கானால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வைத்துக் கொடுக்கும். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. நம் வீட்டு வேலைக்கு வரும் பெண்களிடம் அவசியம் சொல்லுங்கள். போன் எண் 15100.

நம் விஷயத்தில் என் யோசனை இதுதான். போலீஸ் வேண்டாம். விட்டுவிடவும் வேண்டாம். இது நூற்றி இருபது குடும்பம் மாதாமாதம் கொடுத்த பராமரிப்புப் பணம், பரிதாபப்பட்டு விட்டுக்கொடுக்க நம் ஐந்தாறு பேருக்கு அதிகாரம் இல்லை. கெடுவுக்குள் சங்கத்தின் பெயரில் நோட்டீஸ் அனுப்புவோம். கூடவே, தவணையில் கட்டத் தயாரென்றால் பேசுவோம் என்றும் எழுதுவோம்.

அப்புறம் வந்த கேள்விகள்.

"நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால்?" என்று சி பிளாக் நண்பர் கேட்டார். சரியான முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பியிருந்தால் கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். உண்மையிலேயே கிடைக்காதவருக்கும் அநியாயம் நடக்கக் கூடாதல்லவா? அதற்காக, கோர்ட் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் தப்பிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2007-ல் சொல்லியிருக்கிறது.

"செக் வழக்கும் சிவில் வழக்கும் சேர்த்துப் போடலாமா?" போடலாம். ஒன்று மற்றதைத் தடுக்காது. ஆனால் ஒரே பணத்தை இரண்டு தரம் வாங்க முடியாது.

"வாடகைக்கு இருந்தவர் காலி செய்து மூன்று மாதம் ஆகிறது, வீட்டுக்காரர் அட்வான்ஸைத் தரவில்லை, இது எதில் வரும்?" சிவில்தான். முதலில் ஒரு கடிதம், பிறகு வக்கீல் நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு. வழக்குப் போடுவதற்கு முன்பே சமரசம் பேச அங்கே வழி உண்டு. அட்வான்ஸை வங்கி வழியாகக் கொடுத்திருக்கிறாரா என்று திருப்பிக் கேட்டேன். ரொக்கமாம். ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருந்தால் பரவாயில்லை என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "அந்த மனுஷனிடம் நிஜமாகவே பணம் இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?" டிகிரி வாங்கும்போதே தவணையில் கட்ட அனுமதிக்கச் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. லோக் அதாலத்தில் மாதம் ஐயாயிரம் என்று பேசி முடித்தால் இரண்டு வருடத்தில் தீரும். மாதம் ஐயாயிரம் கட்ட அவரால் முடியுமா என்பதை அவரிடமே கேட்க வேண்டும். இதுவரை யாரும் கேட்கவில்லை.

(கூட்டத்துக்கு நான்காம் நாள் செயற்குழு தீர்மானத்தோடு நோட்டீஸ் போயிற்று. தவணை பற்றிய வாசகமும் அதில் இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை வந்துவிட்டது. இதை எழுதும் இன்று ஒன்பதாம் நாள்.)